ஏப்பத்தில் கடல் வாசம்

மார்ச் 4
பாசி அலசும் கொட்டகையில் இன்று எல்லோருக்கும் சர்க்கரை பார்த்தார்கள். முதல் பரிசு எனக்குத்தான். "இப்ப சாப்பிடுற மாத்திரை பத்தலம்மா. மூணு மாசத்துல குறையலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர்.
ஊசியா? எனக்கா? மாட்டேன்.

மார்ச் 11
நாங்கள் அலசிக் காயவைக்கும் பழுப்புப் பாசியிலிருந்தே ஏதோ சத்தெடுத்து கேப்சூல் செய்திருக்கிறார்களாம். ஆய்வுக்கு ஆள் தேடுகிறார்கள். சர்க்கரையும் கொழுப்பும் ஏறினால் உடம்புக்குள் துருப்பிடிக்கிற மாதிரி ஆகுமாம். பாசிச் சத்து துருவைத் தடுக்கலாமாம். "எலிங்க இளைச்சிருக்கு. மனுசங்களுக்கு இனிமேதான் தெரியணும்" என்றார் டாக்டர்.
"என் சைஸுக்கு பெருச்சாளியில பாத்தீங்களா?" என்று கேட்டேன். நர்ஸ் திரும்பி நின்று சிரித்தாள்.
நானும், என்னைப்போலவே சர்க்கரை உள்ள நாத்தனாரும் பெயர் கொடுத்துவிட்டோம்.

மார்ச் 18
ஆளுக்கொரு டப்பா. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று நர்ஸுக்கே தெரியாதாம்.
வழியெல்லாம் நாத்தனார் புலம்பல். "உங்களுக்கு மருந்து, எனக்கு மாவுன்னா என்ன அண்ணி பண்றது?"
இதென்ன பெரிய விஷயம்? வீட்டுக்கு வந்ததும் இரண்டு டப்பாவையும் முறத்தில் கொட்டிக் கலந்தேன். ஆளுக்குப் பாதி. எங்கள் வீட்டில் எது வந்தாலும் அப்படித்தான்.

ஏப்ரல் 2
ஏப்பம் விட்டால் ஒரு நாள் மீன் கடை, ஒரு நாள் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் தள்ளிப் படுக்கிறார். அதுவும் லாபம்தான்.

ஏப்ரல் 30
மாட்டிக்கொண்டோம்.
வயிறு எப்படி என்று நர்ஸ் கேட்டாள். நாத்தனார் சும்மா இருக்கக் கூடாதா? "ஒரு நாள் கடல் வருது, ஒரு நாள் வெறும் காத்து வருது. முறத்துல கலந்துதானே சாப்பிடுறோம்!"
இருவரையும் ஆய்விலிருந்து தூக்கிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! "நான் பிழைக்க இவ மாவு திங்கணுமா? எங்க வீட்டுல அது நடக்காது டாக்டர்" என்றேன்.
அவர் கத்தவில்லை. "மாவு சாப்பிடுறவங்க இருந்தாத்தாம்மா மருந்து நிஜமான்னு தெரியும்" என்றார்.
மிச்சக் கேப்சூலை அவர் மேசையில் வைத்தேன். வீடு வரும்வரை அந்த வார்த்தையைத்தான் மென்றுகொண்டு வந்தேன்.

ஜூன் 5
மூன்று மாதம் ஆயிற்று. சர்க்கரை குறையவில்லை.

ஜூன் 9
நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஊசி போட வந்தாள். "கொடுடி இங்க, குடலை உருவிடப் போற" என்று பிடுங்கி வயிற்றில் நானே குத்திக்கொண்டேன். எறும்புகூட இதைவிட நன்றாகக் கடிக்கும். ஊசி ஜெயித்துவிட்டது என்று எவன் சொன்னாலும் வரட்டும். பிடி என் கையில்தான் இருக்கிறது.

ஜூன் 24
அதே கேப்சூலுக்குப் புது ஆய்வாம். ஊசி போடுகிறவர்களுக்கு இடமில்லை. நாத்தனாரை நானே இழுத்துப்போய் நிறுத்தினேன். "இவளுக்கு நான் பொறுப்பு" என்றேன். டாக்டர் முதலில் என் கையைத்தான் பார்த்தார், முறம் இருக்கிறதா என்பதுபோல.

ஜூலை 8
காலையில் நாத்தனார் பலமாக ஏப்பம் விட்டாள். ஒரு வாசமும் இல்லை.
"மாவுதான் போல அண்ணி."
"என்னடி பண்ணப் போற?"
"டப்பாவ முடிக்கப் போறேன்" என்று இன்றைய கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.