இல்லாத நேர்ச்சை

இயேசு மரி சூசை துணை

அம்மாப்பேட்டை,
நவம்பர் 24.

அன்புள்ள சான்ட்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, தம்பி கிளமென்ட், நான் மூவரும் மாதா தயவில் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான் என்று பதில் எழுதிவிடாதே, இந்தத் தடவை உள்ளதை எழுது. போனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் ஒன்றுமில்லம்மா என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கிளமென்ட்டின் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் நானே போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன், கோணலாக வந்தால் போனைத் திருப்பிப் படித்துக்கொள்.

பத்து நாளாக மழை விடவில்லை. நட்ட வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, அப்பா காலையில் மண்வெட்டியோடு போனால் வடிகாலை வெட்டிவிட்டு மத்தியானம் சேறோடு வருகிறார். மேலக்கொல்லை தப்பித்துவிடும், வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கர்தான் சந்தேகம் என்கிறார். கிளமென்ட்டுக்கு செமஸ்டர் பரீட்சை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் படிக்கிறான். வழக்கமான செய்தியெல்லாம் இவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை தஞ்சாவூரில் துணி எடுக்கப் போன இடத்தில் உன் சிநேகிதி ஷிஃபாவின் அம்மா நஜ்மாவைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில், "அக்கா, சான்ட்ராவுக்கு அந்தக் குளிர்ல தரையில படுத்து முதுகு வலியாமே, ஒரு தைலம் குடுத்து அனுப்பட்டுமா"ன்னு கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குத் தெரியாது என்று அவருக்குப் புரிந்தது, பாவம், சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்துவிட்டார். நான் விடவில்லை. அயர்லாந்து போய் இறங்கிய நாளிலிருந்து உனக்கு விடுதியில் அறையே கிடையாது, ஷிஃபாவின் அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறாய், விருந்தாளியை மூன்று ராத்திரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அவளுக்கு இரண்டு கடிதம் வந்துவிட்டது, மூன்றாவது வந்தால் அந்தப் பெண்ணையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எல்லாம் கடை வாசலில் நின்றே கேட்டேன். வீடியோவில் இதுதான்மா என் ரூம் என்று நீ சுற்றிக் காட்டியபோது நாற்காலியில் தொழுகைப் பாய் மடித்து வைத்திருந்தது. ஷிஃபா வந்திருக்கிறாளா என்று கேட்டேன், ஆமாம் என்றாய். அவள் அறைக்கு அவளையே விருந்தாளி ஆக்கிவிட்டாயே. உன்மேல் கோபம் வந்தது, ஆனால் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அது போய்விட்டது. அறையைப் போக்கடித்தவள் நான்தானே.

இப்போது எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஜூலை மாதம் அப்பா உனக்கு ஆகஸ்ட் முப்பதாம் தேதிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு நேர்ச்சை சொன்னேனே. உனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து கிடந்தபோது வேண்டிக்கொண்டேன், பெரிய படிப்புக்கு ஊரை விட்டுப் போகுமுன் செப்டம்பர் எட்டாம் தேதி திருவிழாவுக்கு உன்னை வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய் நிறுத்துவதாக நேர்ச்சை, அதை முடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்றேன். அப்படி ஒரு நேர்ச்சையே கிடையாது. நான் வேண்டிக்கொள்ளவே இல்லை. அன்றைக்கு அப்பா, "எப்ப நேர்ந்துகிட்ட, எங்கிட்ட சொல்லவே இல்லியே"ன்னு கேட்டார். எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் நேருவாங்களா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். நான்காம் தேதிக்குள் நேரில் போய்ச் சாவி வாங்காவிட்டால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீ மெயிலைக் காட்டினாய். ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன, நம் ஊரில் கல்யாண மண்டபமே ஒரு போன் போட்டுச் சொன்னால் பிடித்து வைப்பார்கள், மாதா பார்த்துக்கொள்வாள் என்றேன். நேர்ச்சை என்ற பிறகு நீ மறுபேச்சு பேசவில்லை. நீ பேச மாட்டாய் என்று தெரிந்துதான் அந்த வார்த்தையை எடுத்தேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உன்னை அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். இன்னும் பத்து நாள் நீ வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னால் நான் படிக்காதவள் மாதிரி பேசுகிறேன் என்று நினைப்பாயோ என்று வெட்கம். அதற்கு மாதாவைப் பிடித்து இழுத்துவிட்டேன். திருவிழா அன்று அந்தக் கூட்டத்தில் நீ மணல் பாதையில் முழங்காலில் போனாய். எனக்காகத்தான் போனாய். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன், உன் முட்டி தோலுரிந்ததைப் பார்த்தேன், அப்போதாவது எழுந்திரும்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நஜ்மாவைப் பார்த்த மறுநாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன், என் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். முதலில் உன்னிடம் சொல்லாமல் சாமியாரிடம் சொல்வது சரியாகப் படவில்லை.

அன்று நஜ்மா இன்னொன்றும் சொன்னார். அதே விடுதியில் ஒரு அறை காலியாகிறதாம், உன் பெயர் வந்திருக்கிறதாம், டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி நேரில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டுமாம், சம்மதத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுமாம். நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். பதினெட்டாம் தேதி ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், கிறிஸ்துமசுக்கு வராவிட்டால் எங்கம்மா தாங்க மாட்டாங்க என்று ஷிஃபாவிடம் சொன்னாயாம். நான்தானே போன மாதம் போனில் அழுது உன்னை அந்த டிக்கெட்டை எடுக்கவைத்தேன்.

சான்ட்ரா, நீ கிறிஸ்துமசுக்கு வராதே. இந்த ஒரு வரியை எழுத எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அறையை ஒத்துக்கொள். அம்மா தாங்குவாள், தாங்காவிட்டால் அது என் பாடு. குடிலை வழக்கம்போல் கிளமென்ட் கட்டட்டும், அவன் கட்டினால் கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். உன் மெத்தையில் நீ கால் நீட்டிப் படுத்தாய் என்று கேட்டால் போதும் எனக்கு. சாவி வாங்கியதும் ஜன்னல் மூடுகிறதா, ஹீட்டர் சுடுகிறதா என்று பார், சுவரில் முன்பே கறை இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள். பொதுச் சமையலறையில் நம் வீட்டு மாதிரி மிளகாயைத் தாளித்து மற்றவர்களை இரும வைக்காதே. காலுறை போடாமல் நடக்காதே. ஷிஃபாவுக்கு உன் கையால் ஒரு நாள் நல்ல சாப்பாடு செய்து போடு, அந்தப் பெண் தன் இடத்தையே பணயம் வைத்து உன்னை வைத்திருந்திருக்கிறாள். அவளிடம் நானும் பேச வேண்டும், எப்போது பேசலாம் என்று கேட்டுச் சொல். அப்பாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்லிவிடுகிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், வேளாங்கண்ணி மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். அவளைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்குத்தான் முகமில்லை, உன்னைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு என் சிபாரிசு தேவையில்லை.

வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. சம்மதம் அனுப்பியதும் அனுப்பிட்டேன் என்று ஒரே வார்த்தை எனக்குப் போடு. என்னை மன்னித்தாயா இல்லையா என்று அதோடு சேர்த்து எழுத வேண்டாம். அதற்குக் கடைசித் தேதி எதுவும் கிடையாது.

உன் அம்மா,
ஜூலியட் லூர்துராஜ்