ஏழாவது டேப்

அந்த ஏழாவது டேப்பை நீ எதற்காக எடுத்து வைத்தாய்? என்னை நம்பாததாலா, எதையுமே ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விடாத உன் பழக்கத்தாலா? இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. எனக்கு விடை தெரியாது. நீ இருந்த காலத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி நானே எனக்குச் சாதகமாக ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டால் அதை நான் நம்பமாட்டேன்.

நேற்று மேசையின் அடி இழுப்பறையைக் காலி செய்தபோது ஒரு டேப் கையில் தட்டியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, ஓரத்தில் காய்ந்து வெடித்த சந்தனம். மோந்து பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்துச் சந்தனத்துக்கு வாசனை இருக்கும் என்று நான் எதிர்பார்த்ததே தவறுதான். ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அடக்கத்துக்கு உன் ஊரான பொழியூருக்கு வந்தபோது கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். உன் தங்கையிடம்கூட இரண்டு வார்த்தைதான் பேசினேன். அன்று பேசாததை இதில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே பெரிய ரோட்டை ஒட்டி இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நம் இருவருக்கும் வேலை. நான் புள்ளியியல் எம்.எஸ்ஸி. முடித்து, நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வந்தவள். நீ பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, ஈ.சி.ஜி. மெஷினிலிருந்து காலிங்பெல் வரை பழுது பார்க்க வந்தவள். ஒரே வயது. நீ என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஓய் எம்மெஸ்ஸி" என்பாய். அதில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. பிடித்தும் இருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் பேக்கப் எடுப்பதற்கென்று தனியாக ஒரு சர்வர் வந்தது. பெரிய சர்வரில் இருப்பதையெல்லாம் தினமும் டேப்பில் நகல் எடுத்து வைப்பது அதன் வேலை. பெட்டிகள் வந்தன, பொருத்தித் தர வேண்டிய பொறியாளர் வரவில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று ஒரு வாரம் போனது. எட்டாவது நாள் நீ ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாய். நான் கையேட்டை எடுத்தேன்.

இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு டேப் டிரைவ். மூன்றும் ஒரே கேபிளில் வரிசையாகத் தொங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். டிரைவின் பின்பக்கம் இருக்கும் ஊசிகளில் ஜம்பர் என்ற சின்னத் துண்டைச் செருகி அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். டேப் டிரைவுக்கு நான்காம் எண் என்று முடிவு செய்து, கையேட்டில் இருந்த படத்தைப் பார்த்து எந்த ஊசி என்று நான் சொன்னேன். மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு நீ செருகினாய். மெஷினை எழுப்பினால் டேப் டிரைவையும் காணோம், இரண்டாவது டிஸ்கையும் காணோம். அவிழ்த்தோம், பொருத்தினோம். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை நீ கையேட்டை என் கையிலிருந்து பிடுங்கினாய்.

"எட்டி, படம் அங்கோட்டு பாக்குது, டிரைவ் இங்கோட்டு பாக்குது. நீ தலைகீழா வாசிச்சிருக்கே."

உண்மைதான். ஊசிகளை எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணியதால் நான்கு என்று நான் நினைத்தது ஒன்று ஆகியிருந்தது. ஒன்று என்ற எண் ஏற்கெனவே இரண்டாவது டிஸ்கிடம் இருந்தது.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே நம்பரு குடுத்தா போஸ்ட்மேன் எந்த வீட்டுக்குப் போவான்? இதுக்கா மக்கா யூனிவர்சிட்டிக்குப் போனே?"

என் முறையும் வந்தது. மூன்றும் திரையில் தெரிந்த பிறகும் நகல் பாதி வழியில் நின்று போனது. ஒருநாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. கேபிளின் கடைசியில் டெர்மினேட்டர் என்று ஒரு சின்னக் கட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் திரும்பி அடித்துக் குழப்பும் என்று நான் கையேட்டில் கண்டுபிடித்தேன். அப்படி ஒன்று பெட்டியில் வரவே இல்லை என்று சாதித்தாய். பிறகு உன் டூல் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினாய்.

"மூடின்னு நெனச்சேன்."

"எதுக்கு மூடி?"

"எதுக்கோ மூடி. நீ பெரிய வக்கீலு மாதிரி கேக்காதே."

அன்று நகல் முழுதாக ஓடி முடிந்தது. திரையில் மூன்று கருவிகளின் பெயரும் வரிசையாக நின்றதை நீயும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாதம் கழித்துப் பொறியாளர் வந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு, "இது ஆரு சாரே செட் பண்ணினது?" என்று மேனேஜரிடம் கேட்டார். "நம்ம ரெண்டு பிள்ளையளாக்கும்" என்றார் மேனேஜர். எனக்கு அதற்குப் பிறகு சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன, பதவியும் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வரி தந்த பெருமையை அவை தரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு ஒத்துப்போகவில்லை. நகல் முடிந்ததும் திரையில் சரிபார்த்தாயிற்று என்று வரும். எனக்கு அது போதும். உனக்குப் போதாது. சனிக்கிழமைதோறும் டேப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பாய். "கண்ணால பாத்தா போராது, இழுத்துப் பாக்கணும். எங்க அப்பன் வலை கட்டி முடிச்சா முடிச்ச நோக்கிட்டு நிக்கமாட்டாரு. ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு இழுப்பு. அவுந்து வந்தா கரையில வரட்டு, கடல்ல வரப்பிடாது." நேர விரயம் என்று நான் சொன்னேன். சிரித்துவிட்டு இழுத்துக்கொண்டே இருந்தாய்.

பிறகு நவராத்திரி வந்தது. அஷ்டமி மாலையில் ஆஸ்பத்திரியின் பூஜை அறையில் ஒரு பதிவேடும் ஸ்டெதாஸ்கோப்பும் பேனாவும் பூஜைக்கு வைப்பது வழக்கம். வைத்ததை விஜயதசமி காலை வரை யாரும் தொடுவதில்லை. அந்த வருடம் மேனேஜர் என் அறை வாசலில் வந்து நின்றார். "மோளே, உங்க புக்கு எது? அதையும் வைக்கண்டாமா?"

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஒரு பழைய டேப்பைக் கொடுத்திருந்தால் போதும். நான் அலமாரியைத் திறந்து நம்மிடம் இருந்த ஆறு டேப்புகளையும், அன்று எடுத்த புதியது உட்பட, வாழையிலைத் தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். வாதாட விருப்பமில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பாதி உண்மை. நம்முடைய டேப்புகளைப் புத்தகத்துக்குச் சமமாக ஒருவர் வந்து கேட்டதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. மேனேஜர் மேலே இருந்த டேப்பில் தாராளமாகச் சந்தனம் வைத்தார். நீ அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் நவமி. மதியம் இரண்டரைக்கு இடி விழுந்தது. இடி முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே பேக்கப் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது உன் வழக்கம். அன்றும் பிடுங்கியிருந்தாய். பெரிய சர்வரை நிறுத்த முடியாது, அது ஓடிக்கொண்டிருந்தது. இடிக்குப் பிறகு அது எழவில்லை. கருகிய வாடை மட்டும் வந்தது.

நோயாளிகளின் விவரம் ஒருநாள் தாமதமாகலாம். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் தாமதமாக முடியாது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு மறுநாள் காலை ஆபரேஷன், ஏ நெகட்டிவ் ரத்தம். கொடுக்க இரண்டு பேரையாவது நெய்யாற்றின்கரை ரத்த வங்கிக்கு அனுப்பினால்தான் கத்தியை எடுப்பேன் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். அச்சடித்து ஒட்டியிருந்த பட்டியல் பழையது. அதில் அந்த குரூப்பில் இருந்த ஒரே ஆள் துபாய்க்குப் போயிருந்தார். அதற்கு முன்பு ஒரு நோட்டு இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு நோட்டு எதற்கு என்று வாதாடி, அதைப் பழைய பேப்பரோடு போடச் சொன்னவள் நான்.

புதிய பட்டியல் இனி பூஜைக்கு வைத்த டேப்புகளில்தான் இருந்தது. பூஜை அறை வாசலில் நாம் மூவரும் நின்றோம். மேனேஜர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உயிருக்கு உள்ள காரியம். நீங்க எடுத்தா நான் தடுக்கமாட்டேன். ஆனா என் கையால எடுத்துத் தரமுடியாது மோளே. நாளைக்கு வெளுத்தா எடுத்திரலாமே?"

"வெளுத்துப் பட்டியலைத் தேடி எப்பம் சாரே ஆளைக் கூப்பிடுகது?" என்றாய் நீ.

எடுக்க வேண்டியவள் நான்தான். நம்பிக்கை இல்லாதவள் நான், தடையும் இல்லை. ஆனால் என் கால் வாசற்படியைத் தாண்டவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். கேலி செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் உனக்குக் கிடைத்திருக்காது. நீ செய்யவில்லை.

"நில்லு எம்மெஸ்ஸி. எனக்க கையில ஒண்ணு உண்டு."

"என்னது?"

"டேப்பு. போன சனிக்கிழமை எடுத்தது. வீட்டில தம்பிக்க புதுநன்மை உடுப்பு வச்ச தகரப் பெட்டியில கிடக்கு. நான் போயிட்டு வாறேன். நீ மெஷினை எழுப்பி வை."

மூன்று மணி பஸ்ஸில் நீ பொழியூருக்குப் போனாய். நான் பேக்கப் சர்வரின் பிளக்கைச் செருகி, மூன்று கருவிகளும் திரையில் தெரிகின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். கேபிளின் கடைசியில் இருந்த அந்தக் கட்டையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஐந்தே முக்காலுக்கு நீ தலை நனைந்து வந்தாய். டேப் ஒரு வெள்ளைக் கையுறைக்குள் சுற்றி இருந்தது, குழந்தைகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளில் போடும் புதுநன்மைக் கையுறை.

டிரைவ் அதை விழுங்கியது. பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. டேப் சுற்றும் சத்தம் வெகுதூரம் போய்த் திரும்புவதுபோல் இருந்தது. இருபது நிமிடம் ஆனது. பிறகு பட்டியல் திரையில் வந்தது. ஏ நெகட்டிவில் மூன்று பெயர்கள். ஒருவர் தனுவச்சபுரத்துக் கல்லூரியில் வேலை செய்பவர், இன்னொருவர் கள்ளிக்காட்டில் அணைக்குப் பக்கத்தில் இருப்பவர், மூன்றாமவருக்கு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கள்ளிக்காட்டுக்காரருக்கு வீட்டில் போன் கிடையாது, பக்கத்து டீக்கடை நம்பர்தான். நீதான் பேசினாய். "ஆளைக் கூப்பிட்டு விடுங்க அண்ணே, நான் வச்சிட்டுத் திரும்ப விளிக்கமாட்டேன், இப்படியே பிடிச்சிட்டு நிக்கேன்" என்று எட்டு நிமிடம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அவர்கள் இருவரும் "வாறோம்" என்று சொல்லிவிட்டார்கள். உன்னிடம் அந்த டேப்பைப் பற்றிக் கேட்க அதுதான் நேரம். என் அனுமதி இல்லாமல் ஒரு நகல் வெளியே போயிருந்தது. அதுவே என்னைக் காப்பாற்றியது. இந்த இரண்டில் எதைப் பேசுவது என்று தெரியாமல், "தலையைத் துவட்டு" என்றேன்.

பிறகு நீ மஸ்கட் போனாய். நான் வேறு வேலைகளுக்குப் போனேன். இப்போது எனக்குக் கீழே பத்துப் பேர் இருக்கிறார்கள். டேப் இல்லை, எல்லாம் எங்கோ ஓர் ஊரில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது, திரையில் பச்சை அடையாளம் வருகிறது. சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து காட்டச் சொல்கிறேன். நேர விரயம் என்று அவர்கள் எனக்குக் கேட்காதபடி சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குக் கேட்கிறது. இன்னும் இடி முழங்கினால் என் கை தானாக பிளக்கைத் தேடிப் போகிறது. இவை உன்னுடையவை. என்னுடையவை என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்.

விஜயதசமி அன்று நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். கள்ளிக்காட்டுக்காரர் முதல் பஸ்ஸில் வந்தார். தனுவச்சபுரத்துக்காரர் அவருக்கு முன்பே வந்து வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருவரையும் நீ ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப்போய் வந்தாய். பதினொன்றரைக்கு ஆபரேஷன் முடிந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டர் அம்மா வெளியே வந்து சொன்னார். மதியம் மேனேஜர் பூஜையிலிருந்து எடுத்த டேப்புகளைத் தட்டோடு கொண்டுவந்து கொடுத்தார். ஆறையும் ஒவ்வொன்றாக டிரைவில் போட்டுப் பார்த்தோம். ஐந்து ஓடின. மேலே இருந்த புதியதை டிரைவ் மூன்று முறையும் துப்பியது. சந்தனம் உள்ளே போயிருந்தது. வாசற்படியைத் தாண்டியிருந்தால் நான் அதைத்தான் முதலில் எடுத்திருப்பேன்.

"சாமி வாசிச்சு முடிக்கல்ல போல" என்றாய் நீ.

பிறகு பேக்கப் பதிவேட்டைத் திறந்தாய். ஏழாவது டேப் என்று ஒரு வரி எழுதினாய், போன சனிக்கிழமையின் தேதியைப் போட்டாய். நகல் எடுத்தவர் என்ற கட்டத்தில் முதலில் என் பெயரையும் அதன் கீழே உன் பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினாய். நான் அதைப் பார்த்தேன். திருத்தவில்லை.