வானுக்குக் கீழே நரி

2006 ஒக்டோபர், சனி இரவு

இன்று அப்பாவும் நானும் எங்கள் வான் வண்டிக்குக் குளிர்கால டயர் மாட்டினோம். எங்கள் வானில் நட்சத்திரம் இல்லை, துருதான். பின்சில்லைக் கழற்றியபோது கண்டேன்: பிறேக் குழாயைப் பின் அச்சோடு பிடித்திருந்த கிளிப், பனிக்கு வீதியில் போடும் உப்பில் உக்கி உடைந்திருந்தது. குழாய் சில்லில் முட்டுகிற மாதிரித் தொங்கியது. நாளை வீட்டில் ஐந்து பேரும் இதில்தான் பேர்கன் நகருக்குப் போகிறோம். வழியெல்லாம் மலை.

"அப்பா, பிறேக் குழாய் தொங்குது!"

"ஓம், போன கிழமை கீழ நரி நிக்குதெண்டு சொன்னனி. நானும் படுத்துப் பாத்தனான். போடா!"

அந்தப் பொய் நரியைப் பெற்றவன் நான்தான், மறுக்கவில்லை.

அவர் சில்லைப் பூட்டி, ஜாக்கை இறக்கி, வானை ஸ்டார்ட் செய்யத் திறப்பைக் கேட்டார். நான் அதைப் பின் அச்சுக்கு நேர் கீழே எறிந்தேன். திட்டிக்கொண்டே ஊர்ந்து போனார். பிறகு திட்டு நின்றுவிட்டது.

"ஜாக்கைக் கொண்டு வா."

புது இரும்புக் கிளிப் போட்டுக் குழாயை அச்சோடு இறுக்கினார். சில்லைச் சுழற்றிப் பார்த்தேன், முட்டவில்லை. பிறேக்கை மிதித்தேன், ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்றார் கீழே பார்த்த அப்பா. இனி எந்த மலையும் வரட்டும்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்டார், "என்னப்பா, போட்டிருக்கிற சேட்டெல்லாம் கறுப்பு?"

"வானுக்குக் கீழ நரி நிண்டது," என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே.