அடிவாரத்து எடைகள்

கணக்கெடுப்பு அலுவலகம் அனுப்பிய தாள்கட்டைப் பிரித்ததும் அடுப்புப் புகையின் வாடைதான் முதலில் எழுந்தது. மலைமேல் ஆலத்தூர் நாட்டு வீடுகளுக்குள் உட்கார்ந்து நீங்கள் நிரப்பிய கணக்கெடுப்புத் தாள்கள். நீங்கள் இறந்து ஐந்து மாதமாகிறது. தாள்களிலிருந்து புகை இன்னும் போகவில்லை. ‘வீட்டில் தானிய இருப்பு உண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால் சிறிதாக எழுதியிருக்கிறீர்கள்: ‘விதை மட்டும்.’ தாளுக்குத் தாள் அதே இரண்டு சொற்கள். கணினியில் ஏற்றியவர்களுக்கு ஓரத்தைப் படிக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

நாம் முதலில் சேர்ந்து வேலை செய்தது காரவள்ளியிலும் அதைச் சுற்றிய அடிவார ஊர்களிலும். நான் புள்ளியியல் கற்பிப்பவன். நீங்கள் மிளகும் சாமையும் விளைவித்துக்கொண்டு, இடைப்பட்ட மாதங்களில் களப்பணிக்கு வந்தவர். ஒருமுறை என்னை மலைமேல் உங்கள் ஊருக்கு அழைத்துப் போனீர்கள். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான் சாலையோரம் குனிந்து நின்றபோது, முதுகைத் தடவியபடி, “இன்னும் முப்பது வளைவு இருக்குதுங்க சார். இட்லி பூராத்தையும் இங்கயே எறக்கிட்டா மேல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டீர்கள்.

அந்த அடிவாரத் தரவில்தான் காரணிப் பகுப்பாய்வு செய்தேன். எந்தெந்தப் பதில்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கண்டு, வசதி என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளக்க ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எடை தரும் முறை அது. அங்கே கூலிக்குப் போகிறவர் வீட்டில் தானியம் இராது. நிலமுள்ளவர் வீட்டில் மூட்டை அடுக்கியிருக்கும். ஆகவே தானியத்துக்கும் நிலத்துக்கும் பெரிய எடை விழுந்தது. கீழே அது சரியான விடை. இப்போதும் அதில் நான் குறை காணவில்லை.

பிறகு மலையிலும் கணக்கெடுக்க முடிவானது. புதிதாகப் பகுப்பாய்வு செய்ய அவகாசமில்லை, பழைய எடைகளையே மலைக்கும் போட்டுக்கொள்ளலாமா என்று அலுவலகம் தொலைபேசியில் கேட்டது. நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள்.

“ஏனுங்க சார், கீழ ஊட்ல சாமை இருந்தா அது சோறுங்க. எங்கூட்ல இருந்தா அது அடுத்த வருசத்து வெள்ளாமைங்க. பசிச்சாலும் தொட மாட்டோம். ரெண்டுக்கும் ஒரே மார்க்குன்னா எப்படிங்க?”

“இப்போதைக்குப் போட்டுக்கட்டும். அப்புறம் மலைக்குன்னு தனியாப் பாத்துச் சரிபண்ணிக்கலாம்” என்றேன். அலுவலகத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப எங்கூரு பணக்கார ஊராயிருமுங்க. கீழ இருந்து பொண்ணு குடுக்க வரிசைல நிப்பாங்க” என்று சிரித்தீர்கள். சிரித்துவிட்டு மலையேறி, வீடு வீடாகப் போய், ஓரங்களில் பென்சிலால் எழுதினீர்கள். அந்த எழுத்து எனக்காக. ‘அப்புறம்’ என்று நான் சொன்னதை நீங்கள் நம்பியிருந்தீர்கள்.

நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. வசதியான ஊர்களின் பட்டியலில் உங்கள் ஊர் முதலிடம் பெற்றது. வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த மருத்துவ வண்டி, வசதி குறைந்த ஊர்களுக்கென்று வேறு பக்கம் திருப்பப்பட்டது. உங்கள் இரத்த அழுத்த மாத்திரை அந்த வண்டியில்தான் வந்துகொண்டிருந்தது. நான் தொலைபேசியில் விசாரித்தபோது, “பரவால்லீங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்கல்ல” என்றீர்கள். குரலில் கேலி இருந்தது. அதற்கு உங்களுக்கு உரிமையும் இருந்தது. பஸ்ஸேறிப் போய் மாத்திரை வாங்கினீர்கள். அடைமழையில் அடுத்தடுத்து இரண்டு முறை போக முடியவில்லை. ஒரு காலையில் மிளகுக் கொடியடியில் விழுந்தீர்கள். தார்ச்சாலைக்குத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

தாள்கள் வந்த மறுநாள், ஓரத்தில் இருந்ததையும் சேர்த்து, மலைத் தரவை மட்டும் தனியாகப் பகுத்தேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ‘ஆம்’ என்று வரும் கேள்வி ஒரு வீட்டை இன்னொரு வீட்டிலிருந்து பிரித்துக் காட்டாது. தானியத்துக்கு அங்கே எடையே இல்லை; நிலத்துக்கும் இல்லை. பிரித்துக் காட்டியவை சாலைக்கு நடக்கும் தூரமும், வெளியூரிலிருந்து வரும் சம்பளமும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

அலுவலகத்துக்குச் சொன்னேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். “நீங்கதான சார் போட்டுக்கலாம்னு சொன்னீங்க? ஃபைல்ல இருக்கு. அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம், விடுங்க.” அவர்மேல் எனக்கு வெறுப்பு வந்தது, இன்னும் போகவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. என் எடைகளை மலையில் பயன்படுத்தக் கூடாது, நான் கொடுத்த ஒப்புதல் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் வந்தது. வண்டி வரவில்லை.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் மறைக்காமல். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப அடுத்தவாட்டி வந்து கேட்டா, ஊட்ல சாமை இல்லைன்னு சொல்லோணுங்களா?” என்றார்.

“இல்லீங்க. உள்ளதையே சொல்லுங்க.”

“உள்ளதச் சொல்லித்தானுங்க வண்டி போச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை; ஐயம் தீர்த்துக்கொள்ளத்தான் சொன்னார். நான் எழுந்து, பஸ் பிடிக்கத் தார்ச்சாலைக்கு நடந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மலையிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். நான் எழுதும் எந்தக் கடிதத்திலும் அதை இறக்கிவைக்க முடியவில்லை, இதிலும்கூட.