ஒன்பது ஹீற்றர்கள்

மோர்டன், லண்டன்
தை 20, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிறேமினிக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் இங்கே சுகம், கனடாவில், கல்கரிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறோம். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் கதைத்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, தம்பி றூபனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, மாதா கோயில் பொங்கல் விழாவும் நல்லபடி முடிந்தது, அதையெல்லாம் அம்மா ஆறுதலாகச் சொல்லுவா. நான் எழுத வந்தது வேறு. வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

நான் பராமரிக்கிற நாலு மாடி ஒபிஸ் கட்டடத்தில் காஸ் பொயிலரைக் கழற்றிவிட்டுக் கரண்டில் சூடாக்கத் தொடங்கியதிலிருந்து, பின்னேரம் நாலு மணி தொடக்கம் ஏழு மணி வரை, ஊர் முழுக்கக் கரண்ட் இழுக்கிற அதே நேரத்தில், எங்கள் மீற்றரும் உச்சிக்கு ஏறுவது உனக்குத் தெரியும். வழி சொன்னதும் நீதான். விடியவே தொடங்கி மாடி மாடியாகச் சூடேற்றுங்கோ, நாலு மணிக்குக் குறைத்துவிடுங்கோ, சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஏழு மணிக்குள் இரண்டு டிகிரிதான் இறங்கும், இருபது கிலோவாட் குறையும் என்றாய். என் மகளின் யோசனை என்று மனேஜர் கிளின்ரனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி இரண்டு கிழமைக்குச் செய்து பார்க்க அனுமதி வாங்கினேன். கடைசியில் இரண்டு கிலோவாட்தான் குறைந்தது. கிளின்ரன் மீற்றர் கணக்குப் பேப்பரைக் காட்டிக் கேட்டபோது பிள்ளையின் கணக்கில் எங்கோ பிழை என்று சொல்லிவிட்டேன். உன்னையும் போனில் ஏசினேன். திரும்பப் பாக்கிறன் அப்பா என்று மட்டும் நீ சொன்னாய். அதே திட்டத்தை உன் கம்பனியில் வியாழக்கிழமை முன்வைக்க இருந்தாய் என்றும் இப்போது வேண்டாமென்று விடப்போகிறாய் என்றும் நேற்று அம்மா சொன்னா.

மகள், உன் கணக்கில் பிழையில்லை. முதல் நாளே, பின்னேரம் துப்புரவு வேலைக்கு வருகிற இம்மாகுலேற் கையைத் தேய்த்துக்கொண்டு, விரல் விறைக்குது அண்ணை என்றா. அறையில் இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பது டிகிரிக்கு இறங்கியிருந்தது, நீ சொன்ன அளவேதான், ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. புதிதாக வரும் குடும்பங்களுக்கென்று கோயில் ஹோலில் நாங்கள் சேர்த்து வைத்த சின்ன ஹீற்றர்கள் ஒன்பது சும்மா கிடந்தன. ஃபாதரிடம் கேட்டுக் காரில் ஏற்றி வந்து, ரிசெப்ஷனுக்கு, செக்கியூரிட்டிக்கு, துப்புரவுக்காரரின் அறைக்கு என்று கிளின்ரனின் கண்ணில் படாமல் பங்கிட்டுக் கொடுத்தேன். எங்கள் ஆட்களின் புத்தி உனக்குத் தெரியும்தானே, ஆராவது நடுங்கினால் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகுதான் யோசிப்போம். நேற்று ஸ்ரோர் ரூமில் வெறும் பெட்டியொன்றைத் தூக்கும்போதுதான் அதில் இரண்டு கிலோவாட் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஒன்பதும் அந்த மூன்று மணித்தியாலமும் எரிந்திருக்கின்றன, மொத்தம் பதினெட்டுக் கிலோவாட். நீ இறக்கியதை அப்பாவே திரும்ப ஏற்றியிருக்கிறேன். 

நாளைக் காலை கிளின்ரனிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன். வெளி ஹீற்றர் கொண்டுவரக்கூடாது என்பது அங்கே கடுமையான சட்டம், வேலை போனாலும் போகும், அறுபத்திரண்டு வயதில் என்னை வேறு ஆர் எடுப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. ஆனால் அதைவிடப் பெரிய பயம், என் சொல்லைக் கேட்டு நீ உன் திட்டத்தைக் கைவிட்டுவிடுவாயோ என்பதுதான். விடாதே மகள். அப்பா ஏசியது பிழை, மன்னித்துக்கொள்.

தடித்த கையுறை போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கையையும் மூளையையும் ஆசீர்வதிப்பாராக. இன்னொன்று, எட்டு ஹீற்றரை இன்று எடுத்துக் காரில் வைத்துவிட்டேன். ஒன்பதாவதை எடுக்கப் போனபோது இம்மாகுலேற் அதன் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றா. வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன். அந்த இரண்டு கிலோவாட்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுத் தா.

உன் அன்பு அப்பா,
அருள்நேசன்