மேசைக்கு அடியில் ஒரு தட்டு

டிரம்கோரன்,
டைரோன்.
1988 மார்ச் 9

என் அன்பு மகள் வேலரிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், கோழிகள் நலம், இடது முழங்கால் மட்டும் நலமில்லை. நீ கப்பல் ஏறிப் போன அந்த உலகக் கடைசித் தீவில் உனக்கும் பேத்தி ஷோனாவுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நீ கேட்டது. ஷோனா கல்லூரி விடுதியில் ஸ்கோன் ரொட்டி சுட ஆசைப்படுகிறாள், எனக்குச் செய்முறை மறந்துவிட்டது, எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். உனக்கு மறந்துபோயிற்று என்பதை நான் நம்பவில்லை. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து சுடவே இல்லை என்று அடுத்த வரியில் எழுதியிருந்தாயே, அதை நம்புகிறேன்.

சோடா கலந்த மாவு, டீக்கோப்பையால் இரண்டு. கோழிமுட்டை அளவு வெண்ணெய், குளிர்ந்ததாக. அதை விரல் நுனியால் மாவில் தேய்த்து ரொட்டித்தூள் மாதிரி ஆக்க வேண்டும். ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. நடுவில் குழி பறித்து முக்கால் கோப்பை மோர் ஊற்றி, கையால் அல்ல, கத்தியால் கிளறச் சொல். ஒட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். பலகையில் மாவு தூவிக் கொட்டி, குழந்தைக்கு முதுகு தட்டுவதுபோல நாலு தட்டு தட்டி, கட்டைவிரல் பருமனுக்குப் பரப்பி, தம்ளர் வாயால் வெட்ட வேண்டும். அடுப்பு நன்றாகக் காய்ந்திருக்கட்டும். பன்னிரண்டு நிமிடம் போதும். மோர் கிடைக்காவிட்டால் பாலில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். வெண்ணெய் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. வட்டம் கோணிப்போனால் ஜாம் மூடிவிடும். எல்லாத் தப்பையும் பொறுத்துக்கொள்ளும் பலகாரம் இது. பிசைவதை மட்டும் பொறுக்காது. பிசைந்தால் செங்கல்தான்.

இது ஐரிஸுக்குத் தெரியாது. அவள் டவுனில் துணிக்கடைக்காரர் மகள், அவர்கள் வீட்டில் மாவைத் தொட்டவர் கிடையாது. நீ கப்பல் ஏறிய அடுத்த வருஷம் அவள் என்னைத் தேவாலய வாசலில் நிறுத்தி, தன் ஸ்கோன் ஏன் உப்பவில்லை என்று கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கு எவ்வளவு துணிச்சல் பார்! நான் முகத்தில் தேன் தடவிக்கொண்டு, "பத்து நிமிஷம் நல்லா அழுத்திப் பிசையணும் ஐரிஸ், நீ சோம்பேறித்தனம் பண்றே" என்றேன். அன்றிலிருந்து பிசைகிறாள். வேறு யாரையும் கேட்க அவள் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவள் புருஷன் எர்னி அந்த ஸ்கோன்களை டீயில் ஊறப்போட்டுத்தான் தின்பார். ஒன்றை எறிந்தால் காக்கை செத்துவிடும் என்று ஊரே சொல்லிச் சிரிக்கிறது. ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. நான் நல்லவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் உனக்குச் செய்ததற்கு இது போதாது என்றும் தெரியும்.

எர்னி போன மாதக் கடைசியில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்தாராம். நல்ல மனிதர், உன் அப்பா போனபோது என் வைக்கோலை வெட்டிக் கட்டிக் கொடுத்தவர். அவருக்காக அழுதேன். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், அழுதுகொண்டே இன்னொன்றையும் நினைத்தேன். இதுவரை இந்த ஊர்ச் சாவுக்கெல்லாம் தேவாலய மண்டபத்துச் சமையலறையை நடத்தியவள் ஐரிஸ். எந்தத் தட்டு மேசைக்குப் போக வேண்டும், எது போகக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். இப்போது அவளே விதவையாக நாற்காலியில் உட்கார வேண்டும். போதகர் சாவியை என்னிடம் கொடுத்தார்.

காலையிலிருந்தே தட்டுகள் வரத் தொடங்கின. பழைய வழக்கம்தான், அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். என்னோடு சமையலறையில் நின்ற ஹெஸ்ஸி ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். ஒன்றைப் படித்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தாள். ஐரிஸின் மகள் லோர்னா கொண்டுவந்த தட்டு அது. லோர்னா புருஷனை விட்டுவிட்டு பெல்ஃபாஸ்டில் இன்னொருவனோடு இருக்கிறாள். அவனையும் கூட்டிக்கொண்டு, அவன் காரிலேயே அப்பாவின் அடக்கத்துக்கு வந்திருந்தாள். "அந்தக் கையால செஞ்சத யாரு தொடுவா?" என்றாள் ஹெஸ்ஸி. பன்னிரண்டு ஸ்கோன், வேலரி. அழகாக உப்பி, பொன்னிறமாக இருந்தன. அவளுக்கு யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு நாளைக் கேட்டு நான் ஜெபம் செய்ததில்லை, செய்திருந்தாலும் ஆண்டவர் இவ்வளவு கச்சிதமாகக் கொடுத்திருக்க மாட்டார்.

ஆண்கள் எல்லாம் கல்லறைக்குப் போயிருந்தார்கள். மண்டபத்தில் பெண்கள் மட்டும், முப்பது பேர் இருப்பார்கள். லோர்னா ஓரமாக ஜன்னல் பக்கம் நின்றாள், அவள் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. நான் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடு மண்டபத்துக்குப் போய் ஐரிஸ் முன்னால் நின்றேன். எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்: "ஐரிஸ், இது உன் மக கொண்டுவந்தது. எங்க வைக்கட்டும்? மேசை மேலயா, மேசைக்கு அடியிலயா? உனக்குத்தான் அந்த எடமெல்லாம் நல்லாத் தெரியுமே."

அறுபத்தெட்டாம் வருஷத்து அறுவடைத் திருநாளை மறந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. நீ சுட்டுக் கொண்டுவந்த தட்டை ஐரிஸ் தூக்கித் தரை துடைக்கும் வாளிக்குப் பக்கத்தில், சமையலறை மேசைக்கு அடியில் வைத்துத் துணி போட்டு மூடினாளே. நீ நாலு மாதம், கல்யாணம் ஆகாதவள், வயது பத்தொன்பது. பின் பெஞ்சில் உட்கார்ந்து, உன் தட்டு எப்போது வெளியே வரும் என்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது வரவேயில்லை. மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

ஐரிஸ் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"அன்னிக்கு நானும் உன்னை இதையேதான் கேட்டேன், எட்னா. தட்டைக் கையில வச்சுக்கிட்டு, இத என்ன பண்ணட்டும்னு கேட்டேன். நீ என்ன சொன்னேன்னு இப்ப சொல்லட்டுமா?"

நான் தட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இத்தனை வருஷமா ஊரெல்லாம் என்னை ராட்சசின்னு சொல்லிட்டுத் திரிஞ்சே. எனக்கும் அதுல பங்கு இருக்குன்னு பேசாம கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு என் புருஷனைப் புதைக்கிற நாளு. என் பொண்ணு தட்ட மேசை மேல வை. நடுவுல வை."

நடுவில் வைத்தேன். லோர்னா வந்து தன் தட்டிலிருந்தே ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். ஐரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க அதைத் தின்றாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். ஹெஸ்ஸி இரண்டு எடுத்தாள், அவளைத் தெரியுமே உனக்கு.

வேலரி, இனி எழுதப்போவதைப் பதினொரு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஐரிஸ் தட்டை அடியில் வைத்தபோது நான் மண்டபத்தில் இருந்தேன், பார்க்கவில்லை, பிறகுதான் தெரிந்தது என்று உன்னிடம் சொன்னேன். பொய். நான் சமையலறையில் அவள் பக்கத்தில் நின்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தட்டைத் திருப்பி உன் பெயரைப் படித்தாள். என்னைக் கேட்டாள். அவள் என்னைக் கேட்டாள், மகளே. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது மேசைக்குப் போயிருக்கும். "கண்ணுல படாம எங்கயாவது வை" என்று சொன்னேன். போதகரின் மனைவி வாசலில் நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். எல்லோரும் போன பிறகு அவற்றை அள்ளிக் கோழிகளுக்குப் போட்டேன். நல்ல ஸ்கோன்கள். ஒன்றைக்கூட நான் ருசி பார்க்கவில்லை.

உன் அப்பாவுக்கும் இது தெரியாது. நீ வெள்ளிக்கிழமைதோறும் கடிதம் எழுதிய காலத்திலும் சொல்லவில்லை, கடிதம் கிறிஸ்துமஸுக்கு ஒன்றாகக் குறைந்தபோதும் சொல்லவில்லை. ஐரிஸைத் திட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது சுலபம் என்று போதகர் சொல்கிறார். சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அவளை மன்னித்துவிட்டால் அடுத்து வரிசையில் நிற்பது நான்தான், எனக்கு அங்கே நிற்கத் தைரியம் இல்லை.

ஐரிஸ் நேற்று கடையில் என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

ஷோனாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவள் புகைப்படம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, அதுவும் பள்ளிச் சீருடையில். அவள் உன்னிடம், பாட்டி வீட்டுக்கு நாம் ஏன் போனதில்லை என்று கேட்டால், ஐரிஸ் என்று சொல்லாதே. உள்ளதைச் சொல். நான் உனக்குச் சொன்ன பொய்யை நீ அவளுக்குச் சொல்ல வேண்டாம்.

உன் கடிதத்தின் ஓரத்தில், மே மாதம் ஒருவேளை வந்தாலும் வருவோம் என்று பென்சிலால் எழுதியிருந்தாய். இதைப் படித்த பிறகு அதை அழித்துவிட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. திட்ட வேண்டுமானால் திட்டி எழுது, பக்கம் பக்கமாக எழுது, ஒன்றுவிடாமல் படிக்கிறேன். அழித்துவிடாதே, கண்ணே.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். ஆண்டவர் என்னை விட நன்றாக உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ இன்னும் அப்படிக் கூப்பிடச் சம்மதித்தால்,
உன் அம்மா
எட்னா