வலது கட்டைவிரல்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது.

உன் சளி எப்படி இருக்கிறது? இங்கே காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்குக் காய்ச்சல் பார்த்தேன். 99.2. நேற்று இதே நேரம் 98.4. இப்பத்தானே வெந்நீர் குடிச்சேன், ஏறத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார். 100.4 வந்தால் மாத்திரை எதுவும் கொடுக்காமல் உடனே கூட்டி வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் அவ்வளவு இல்லை. ஆனால் ஏறியிருக்கிறது. போனில் சொன்னால் அவர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

இந்த முறை கீமோ மருந்து ஏற்றியதில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விட்டன. நம்மை ஒன்றும் செய்யாத கிருமிகூட இப்போது அவரைச் சாய்த்துவிடும் என்று வார்டு நர்ஸ் சொன்னார். அன்றிலிருந்து நான் போட்ட சட்டங்கள் உனக்குத் தெரியும். மாடி வீட்டு அம்மா, உங்க வீட்டுக்குள்ள வர விசா எடுக்கணும் போல என்று சொல்லி, கொண்டுவந்த பூங்கொத்தோடு திரும்பிப் போனார். உன்னையும் விடுமுறைக்கு வராதே என்றேன். நீ அழுதது போனில் கேட்டது.

அதிகம் அடி வாங்கியவர் உன் சித்தப்பாதான். வண்டிப் பட்டறையில் இருந்து நேராக வருகிறவர், நகமெல்லாம் கறுப்பு. மருந்து ஏற்ற அப்பாவின் நெஞ்சில் வைத்த குழாயைச் சுத்தம் செய்ய நர்ஸ் எங்கள் இருவருக்கும்தான் சொல்லிக் கொடுத்தார். நான் சித்தப்பாவை நெருங்கவே விடவில்லை. இஞ்சினுக்குள்ள ஒரு பொட்டு மண்ணு விழாம மூடுறவன் அண்ணி நான், இதைச் செய்ய மாட்டேனா என்று ஒருநாள் கேட்டார். உங்க அண்ணனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதுப்பா என்றேன். சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கை கழுவிக் கழுவியே என் விரல் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. வலது கட்டைவிரலில் நகச்சுற்று. முந்தாநாள் சிவப்பாக இருந்தது, இன்று சீழ் கோத்திருக்கிறது. முந்தாநாளும் நேற்றும் அந்தக் கையால்தான் குழாயைச் சுத்தம் செய்தேன். கையுறை போட்டிருந்தேன். உள்ளே இருந்த விரலைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னை விட்டால் யார் இவ்வளவு கவனமாகச் செய்வார்கள் என்ற நினைப்பு. அது கவனமா, பிடிவாதமா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மேயும்போது வேலிக்கு அது தெரியுமா என்று யோசித்ததில்லை.

ஒருவேளை வெந்நீர்தானோ என்னவோ. இந்த 'ஒருவேளை'யில் ஒரு நாளை ஓட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கண்ணே, உன் உடம்பைப் பார்த்துக்கொள். சளி முழுக்க விட்டதும் கிளம்பி வந்துவிடு. அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளும்போது என்னையும் சேர்த்துக்கொள்.

அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் அறியாத ஒன்றை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். உறையை ஒட்டியதும் வார்டுக்குப் போன் செய்து, காய்ச்சலோடு என் விரலையும் சொல்லப்போகிறேன். 100.4 வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன். இனி குழாய் சித்தப்பாவின் பொறுப்பு. விரல் ஆறும்வரை அப்பாவின் அறைக்குள் நான் போகமாட்டேன்.

உன் நலமே வேண்டும்,
அம்மா